காக்கைக் கூட்டில் குயில் முட்டை

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அக்காலத்தில் பெரிய கணினிகளைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். அவரவர் பயன்படுத்திய நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கப்பட்டது. இவ்வளவு சிறிய தொகையைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். ஆனால் வானியல் படித்துவிட்டுக் கணினி மேலாண்மைப் பணிக்குப் புதிதாக வந்திருந்த கிளிஃபர்ட் ஸ்டோல், அதன் காரணத்தைத் தேடத் தொடங்கினார். கட்டணம் செலுத்த எவரும் இல்லாத ஒரு கணக்கின் வழியாக, யாரோ சில நொடிகள் கணினியைப் பயன்படுத்தியிருப்பது தெரியவந்தது. நெடுநாள் நீண்ட அத்தேடல், மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. அமெரிக்கக் கணினிகளிலிருந்து எடுத்த தகவல்களை அவரும் அவருடைய கூட்டாளிகளும் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.க்கு விற்றுவந்தனர்.

அவர் உள்ளே நுழைந்த வழிதான் நம் கட்டுரைக்கு உரியது. அந்தக் கணினியில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே இயங்கும் ஒரு சிறு நிரல் இருந்தது. கணினி அதை முழு அதிகாரத்துடன் இயக்கும். வேறொரு மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அந்த நிரல் இருந்த இடத்தில் அதே பெயரில் தம்முடைய நிரலை அவர் வைத்தார். பெயரும் இடமும் சரியாக இருந்தமையால் கணினி ஐயமின்றி அதை இயக்கியது. அடுத்த நொடியே அவர் அக்கணினியின் தலைமை மேலாளருக்கு உரிய அதிகாரங்களைப் பெற்றார். காக்கைக் கூட்டில் முட்டையிட்டு, அடைகாக்கும் வேலையைக் காக்கையிடமே விட்டுவிடும் குயிலின் தந்திரம் இது. ஸ்டோல் 1989இல் வெளியிட்ட நூலுக்கும் குயிலின் முட்டை என்ற பொருள்படவே பெயரிட்டார்.

அடுத்தவர் முட்டையைக் காக்கையால் இனங்காண இயலாது. கணினியும் அப்படித்தான், தன்னிடம் உள்ள கோப்பு நேற்று இருந்த அதே கோப்புதானா என்பதை அது தானாக அறியாது. அறியும்படி செய்யும் ஏற்பாட்டைக் கோப்பு மாறாமைக் கண்காணிப்பு என்று அழைக்கலாம். நீங்கள் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போதும், கைபேசியில் பணம் அனுப்பும்போதும், கடையில் அட்டையைத் தேய்க்கும்போதும், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் நடைபெறும் காவல்களில் இதுவும் ஒன்று.

கூட்டுத்தொகை சொல்லாத பிழை

இதன் அடிப்படைக் கருத்து கணக்கியலுக்குப் புதிதன்று. கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, நாள் முடிவில் வவுச்சர்களின் தொகையைக் கூட்டிப் பேரேட்டுடன் ஒப்பிடுவது வங்கிகளின் வழக்கம். தொகை மாறினால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். ஆனால் தொகை மாறாவிட்டால் பிழையே இல்லை என்று பொருளாகாது. இருப்பாய்வு இரு பக்கமும் சமமாக நின்றாலும் சில பிழைகள் உள்ளே மறைந்திருக்கும் என்பதை வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கிறார்கள். ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடுசெய்துவிட்டால் கூட்டுத்தொகை ஊமையாகிவிடும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று வவுச்சர்கள்: 1,500, 2,300, 700. கூட்டுத்தொகை 4,500. முதல் இரண்டு தொகைகளையும் ஒருவர் இடம் மாற்றி எழுதிவிட்டால், ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் மற்றவருக்குப் போய்விடும். கூட்டுத்தொகையோ 4,500 ஆகவே நிற்கும். இப்போது முறையைச் சற்றே மாற்றுவோம். முதல் தொகையை 1ஆலும், இரண்டாவதை 2ஆலும், மூன்றாவதை 3ஆலும் பெருக்கிக் கூட்டுவோம். சரியான வரிசையில் 8,200 வருகிறது. இடம் மாற்றிய வரிசையில் 7,400 வருகிறது. பிழை வெளிப்பட்டுவிட்டது. 8,200 என்ற எண்ணுக்குக் கணக்கில் தனிப் பொருள் ஏதும் இல்லை. அது எவருடைய இருப்பும் அன்று. எதுவும் மாறவில்லை என்பதற்குச் சான்றாக நிற்பது மட்டுமே அதன் பணி. தொகுதி தொகுதியாகக் கணக்குகளைக் கணினியில் ஏற்றிய காலத்தில், கணக்கு எண்களையே கூட்டிப் பெற்ற இத்தகைய பொருளற்ற தொகையை ஹேஷ் டோட்டல் என்று தணிக்கையாளர்கள் அழைத்தனர்.

உங்கள் பற்று அட்டையின் கடைசி இலக்கமும் இவ்வகைப்பட்டதே. முன்னுள்ள இலக்கங்களைக் கொண்டு ஒரு கணக்கைச் செய்து அந்த இலக்கம் பெறப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. 1960இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் உடனே அந்த எண் செல்லாது என்று திரை கூறுவதற்கு இதுவே காரணம். ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கமும் இத்தகைய சோதனை இலக்கமே. அதற்குப் பயன்படுவது வேறொரு முறை.

இவை கைத்தவறுகளைப் பிடிக்கும். திட்டமிட்டு ஏமாற்றுபவரைப் பிடிக்கா. முறையை அறிந்தவர், சோதனை இலக்கமும் ஒத்துவரும்படியே எண்ணைப் புனைந்துவிடுவார். ஆகவே, எவராலும் பின்னோக்கிக் கணக்கிட்டுப் புனைய இயலாத ஒரு முறை தேவைப்பட்டது. இன்று பரவலாக வழக்கில் உள்ள எஸ்.எச்.ஏ.-256 அத்தகையது. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தரும். ஒரு வரிக் கடிதமாயினும், ஆயிரம் பக்க நூலாயினும், நீளம் 64தான். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் அடையாளம் முழுவதுமாக மாறிவிடும். சாத்தியமான அடையாளங்களின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஆதலால் இதைக் கோப்பின் கைரேகை என்று சொல்வது பொருந்தும். கைரேகையிலிருந்து மனிதரை உருவாக்க முடியாதது போலவே, இந்த அடையாளத்திலிருந்து கோப்பை மீட்டெடுக்கவும் முடியாது.

கைரேகை முறைகளும் காலத்தால் தேய்கின்றன. 1992இல் ரொனால்டு ரிவெஸ்ட் வெளியிட்ட எம்.டி.5 என்ற முறை நெடுநாள் வழக்கில் இருந்தது. ஒரே கைரேகை கொண்ட இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று சீன ஆய்வாளர் ஷியாவ்யுன் வாங் தலைமையிலான குழுவினர் 2004இல் காட்டினர். அதன்பின் வந்த எஸ்.எச்.ஏ.-1 முறைக்கும் 2017இல் அதே கதி நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றும் கூகுளும் சேர்ந்து, ஒரே கைரேகை உடைய இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. பூட்டுகளைக் காலத்துக்கேற்ப மாற்றுவது போல இவற்றையும் மாற்றியாக வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இடறு கம்பி

கைரேகை எடுக்கும் முறையைக் கணினியின் காவலுக்குப் பயன்படுத்தும் முயற்சி 1992இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. ஜீன் கிம் என்ற மாணவரும், பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபர்டும் சேர்ந்து டிரிப்வயர் என்ற மென்பொருளை உருவாக்கினர். வழியில் தாழ்வாகக் கட்டப்பட்டு, அத்துமீறி நுழைபவர் காலில் பட்டதும் ஓசை எழுப்பும் கம்பியின் பெயர் அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1988 நவம்பர் 2 அன்று, மாரிஸ் புழு என்ற நிரல் அன்றைய இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியிருந்தது. அதை ஆராய்ந்தவர்களில் ஸ்பாஃபர்டும் ஒருவர்.

இம்மென்பொருளும் பின்னர் வந்த இதன் வகையினவும் செய்யும் பணியை நான்கு படிகளாகச் சொல்லலாம். முதலாவது, கணினி தூய்மையாக இருப்பதாக உறுதியான நிலையில், முக்கியக் கோப்புகள் அனைத்துக்கும் கைரேகை எடுத்து ஒரு பட்டியல் தயாரிப்பது. இதை அடிப்படைப் பதிவு என்பர். இரண்டாவது, குறித்த கால இடைவெளியிலோ, இடைவிடாமலோ, மீண்டும் கைரேகை எடுத்துப் பழையதுடன் ஒப்பிடுவது. மூன்றாவது, மாறிய கோப்பு, காணாமற்போன கோப்பு, புதிதாக முளைத்த கோப்பு ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கை அனுப்புவது. நான்காவது, அந்த மாற்றம் ஒப்புதல் பெற்று நடந்ததா என்று ஒரு மனிதர் சரிபார்ப்பது.

இந்நான்கில் எது தளர்ந்தாலும் மற்ற மூன்றும் வீணாகும். குறிப்பாக, அடிப்படைப் பதிவு எங்கே வைக்கப்படுகிறது என்பது முதன்மையான கேள்வி. காவல் காக்கப்படும் கணினியிலேயே அதை வைத்தால், உள்ளே நுழைந்தவர் கோப்பையும் மாற்றி, பதிவில் உள்ள கைரேகையையும் மாற்றிவிடுவார். பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்தின் மீதே வைத்துவிட்டுப் போவதற்கு இது ஒப்பாகும். ஆகவே பதிவு வேறொரு கணினியில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். பணப்பெட்டகத்தை இரண்டு அலுவலர்கள் இரண்டு சாவிகளால் சேர்ந்தே திறக்கும் பழைய வங்கி நெறி இங்கும் செல்லுபடியாகிறது.

இடைவெளியும் முக்கியமே. பெர்க்லியில் குயில் முட்டை இருந்தது சில நிமிடங்களே. வேலை முடிந்தவுடன் அசல் நிரல் மீண்டும் அதன் இடத்தில் வைக்கப்பட்டுவிட்டது. வாரம் ஒருமுறை பார்ப்பவர் கண்ணில் அது படாது.

எதைக் காப்பது?

வங்கிக் கணினியில் எல்லாக் கோப்புகளையும் இப்படிக் கண்காணிக்க இயலாது. கண்காணிப்பதில் பொருளும் இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்கின் இருப்பு நாள்தோறும் மாறும். மாறுவதுதான் அதன் இயல்பு. ஆனால் அந்த இருப்பைக் கணக்கிடும் நிரல் மாறக்கூடாது. வட்டி விகிதத்தைப் படிக்கும் நிரல், ஏ.டி.எம். கோரிக்கைக்கு ஒப்புதல் தரும் நிரல், யாருக்கு என்ன அதிகாரம் என்று வரையறுக்கும் பட்டியல், இணையவங்கியின் உள்நுழைவுப் பக்கம், இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள் ஆகியன ஒப்புதலின்றி ஓர் எழுத்தும் மாறக்கூடாதவை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. கணினியில் யார், எப்போது, என்ன செய்தார் என்பதைப் பதிவுசெய்யும் நாட்குறிப்புக் கோப்புகள் அவை. இவை வளரலாம்; சுருங்கக்கூடாது. ஒரு நாட்குறிப்பு நேற்றைவிட இன்று சிறியதாக இருந்தால், யாரோ பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தியாவில் இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று, கணினி அவசரநிலைகளுக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு கூறுகிறது.

அட்டைப் பரிவர்த்தனைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு விசா, மாஸ்டர்கார்டு முதலிய அட்டை நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற பாதுகாப்புத் தரநெறி உண்டு. முக்கியக் கோப்புகளில் நேரும் மாற்றங்களைக் கண்டறியும் ஏற்பாடு இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்நெறி கட்டளையிடுகிறது.

இரண்டே இரண்டு பைட்டுகள்

சிறு மாற்றம் எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் மத்திய வங்கியில் நடந்த கொள்ளை சான்றாக நிற்கிறது. நியூயார்க்கில் உள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றுமாறு, ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியாக 35 போலி உத்தரவுகள் அனுப்பப்பட்டன. அவற்றில் ஐந்து நிறைவேறின. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழை ஓர் இடைநிலை வங்கிக்கு ஐயம் எழுப்பியதால் தடுத்து மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் சென்ற 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியாக மறைந்தது.

இத்தாக்குதலில் பயன்பட்ட தீநிரலைப் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016 ஏப்ரலில் விளக்கினர். ஸ்விஃப்ட் மென்பொருளின் ஒரு பகுதியில், சோதனை தோல்வியுற்றால் வேறு வழியில் செல்லுமாறு கூறும் ஓர் ஆணை இருந்தது. அதன் நீளம் இரண்டு பைட்டுகள். அந்த இரண்டு பைட்டுகளின் இடத்தில், எதுவும் செய்யாதே என்று பொருள்படும் இரண்டு பைட்டுகளைத் தீநிரல் வைத்தது. கையொப்பம் ஒத்துவராத காசோலையைத் திருப்பியனுப்பு என்ற ஒரு வரியை மட்டும் விதிப்புத்தகத்திலிருந்து அழித்துவிட்டால் என்ன ஆகும்? சோதனை நடக்கும், முடிவும் வரும், ஆனால் அதன்மேல் எந்த நடவடிக்கையும் இராது. அதோடு நில்லாமல், உறுதிப்படுத்தும் செய்திகளை அச்சிடும் வழியையும் அந்நிரல் குறிவைத்தது. மறுநாள் காலை அச்சுப்பொறி வேலை செய்யாததைக் கண்ட ஊழியர்கள் அதை வழக்கமான பழுது என்றே கருதினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பைட்டுகள் மாற்றப்பட்டது வட்டில் உள்ள கோப்பில் அன்று. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளின் நினைவகத்தில். ஆகவே அந்தக் கோப்புக்கு மட்டும் கைரேகை எடுத்துப் பார்த்திருந்தால் அது மாறாததாகவே தெரிந்திருக்கும். ஆனால் மாற்றத்தைச் செய்த தீநிரல் தானாக வானத்திலிருந்து வரவில்லை. அது ஒரு புதிய கோப்பாக அந்தக் கணினியில் வந்து அமர்ந்திருந்தது. பணம் அனுப்புவதற்கென்றே ஒதுக்கப்பட்ட கணினியில், ஒப்புதல் இல்லாத ஒரு புதிய நிரல் முளைப்பதே உரத்த எச்சரிக்கை. கோப்பு மாறாமைக் கண்காணிப்பு பழைய கோப்புகளை மட்டும் பாராமல், புதிய வரவுகளையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இதன்பின் ஸ்விஃப்ட் நிறுவனம் தன் உறுப்பு வங்கிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. மென்பொருளும் தரவுத்தளமும் மாறாதிருப்பதைச் சரிபார்ப்பது அதில் கட்டாய விதிகளுள் அடங்கும். இந்திய ரிசர்வ் வங்கியும் 2016 ஜூன் 2 அன்று வங்கிகளுக்கான இணையப் பாதுகாப்பு நெறிமுறையை வெளியிட்டது. அசாதாரண நிகழ்வு எதுவாயினும் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் தனக்கு அறிவிக்க வேண்டும் என்று அது வங்கிகளைப் பணித்தது.

22 வரிகள்

வாடிக்கையாளரை நேரடியாகத் தொட்ட மற்றொரு நிகழ்வு 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் நடந்தது. அதன் இணையதளத்தில் பல ஆண்டுகளாக மாறாமல் இருந்த ஒரு துணைக் கோப்பின் இறுதியில், தாக்கியவர்கள் 22 வரிகளைச் சேர்த்தனர். பயணச்சீட்டு வாங்குபவர் அட்டை எண்ணைத் தட்டியதும், அது நிறுவனத்துக்கும் போயிற்று, திருடர்களுக்கும் போயிற்று. முகவரி சரி, பூட்டுச் சின்னம் சரி, பயணச்சீட்டும் கைக்கு வந்தது. ஐயப்பட எதுவும் இல்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பாதிப்புக்குள்ளாயின. இம்மாற்றத்தை நிறுவனம் தானாகக் கண்டறியவில்லை. வெளியார் ஒருவர் சொல்லித்தான் அறிந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த கோப்பு ஒருநாள் திடீரென மாறுவது, இத்தகைய கண்காணிப்பு மிக எளிதாகக் காட்டிக்கொடுக்கும் மாற்றம். பி.சி.ஐ. டி.எஸ்.எஸ்.ஸின் புதிய பதிப்பு, பணம் செலுத்தும் பக்கங்களில் நேரும் மாற்றங்களைக் கண்டறியும் ஏற்பாட்டை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியுள்ளது.

மணி அடித்தால் போதுமா?

எச்சரிக்கை மணி இருப்பதும், அதைக் கேட்பவர் இருப்பதும் வெவ்வேறு. அமெரிக்காவின் டார்கெட் வணிக நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டு இறுதியில் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. அந்நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் எச்சரிக்கை எழுப்பியிருந்தது. உரிய நேரத்தில் எவரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

ஏன் இப்படி நேர்கிறது? கணினி உலகில் முறையான மாற்றங்களே ஏராளம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று திருத்தங்களை வெளியிடுகிறது. ஒரு திருத்தம் ஆயிரக்கணக்கான கோப்புகளை மாற்றும். அத்தனைக்கும் மணி அடித்தால், கேட்பவர் காது பழகிவிடும். உண்மையான அபாய மணியும் அந்த இரைச்சலில் கரைந்துவிடும். அடிக்கடி பொய்யாகக் குரைக்கும் நாயை வீட்டார் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு வங்கிகள் கைக்கொள்ளும் வழி, மாற்றங்களை முன்கூட்டியே பதிவுசெய்வதாகும். எந்தக் கணினியில், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாற்றம், யார் செய்வார், யார் ஒப்புதல் தந்தார் என்ற விவரங்களுடன் ஒரு விண்ணப்பம் எழுதப்படும். மாற்றம் நடந்தபின், கண்காணிப்பு தந்த பட்டியலையும் விண்ணப்பத்தையும் அருகருகே வைத்துச் சரிபார்ப்பார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவது போன்றதே இது. ரொக்கப் புத்தகத்தில் உண்டு, பாஸ் புத்தகத்தில் இல்லை. பாஸ் புத்தகத்தில் உண்டு, ரொக்கப் புத்தகத்தில் இல்லை என்று இரு பக்கமும் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே, விண்ணப்பம் இருந்து மாற்றம் நடக்கவில்லையெனில் பணி முடியவில்லை. மாற்றம் நடந்து விண்ணப்பம் இல்லையெனில் விசாரணை தொடங்க வேண்டும். மாற்றம் செய்பவரே அதைச் சரிபார்ப்பவராக இருக்கக்கூடாது என்பது இதன் உயிர்நாடி.

பராமரிப்புப் பணி காரணமாகக் குறித்த சில மணி நேரம் சேவை இராது என்று உங்களுக்கு அவ்வப்போது குறுஞ்செய்தி வருவது இதனால்தான். நள்ளிரவில் அவசரத்துக்குப் பணம் அனுப்ப முயலும்போது சேவை கிடைக்காவிட்டால் எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் மாற்றங்களைக் குறித்த நேரத்துக்குள் அடக்கினால்தான், அந்நேரத்துக்கு வெளியே நேரும் ஒவ்வொரு மாற்றமும் ஐயத்துக்குரியதாகத் தனித்துத் தெரியும்.

இதன் எல்லைகள்

எந்தப் பூட்டும் எல்லாத் திருடரையும் தடுக்காது. கோப்பு மாறாமைக் கண்காணிப்பு திருட்டைத் தடுப்பதில்லை. திருடர் நுழைந்ததைச் சொல்கிறது. நினைவகத்தில் மட்டும் நிகழும் மாற்றம் அதன் கண்ணுக்கு எளிதில் படாது. திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு ஒருவர் முறைப்படி உள்ளே வந்து முறைப்படி பணம் அனுப்பினால், எந்தக் கோப்பும் மாறியிராது. அதற்கு வேறு காவல்கள் தேவை.

அடிப்படைப் பதிவு எடுக்கும்போதே கோப்பு கெட்டுப்போயிருந்தால், கெட்டதையே நல்லதென்று இது காத்துவரும். 2020இல் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் இதுவே நடந்தது. மென்பொருள் உருவாகும் இடத்திலேயே தாக்கியவர்கள் கைவைத்தனர். நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பத்துடனேயே நச்சு கலந்த திருத்தம் வெளிவந்தது. ஏறத்தாழ 18,000 நிறுவனங்கள் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே தெரிவித்தது. விண்ணப்பம் உண்டு, ஒப்புதல் உண்டு, கையொப்பம் உண்டு. முட்டை மட்டும் குயிலுடையது. ஆகவேதான், கோப்புக் கண்காணிப்புடன் வெளியே செல்லும் தகவல் போக்குவரத்தைப் பார்ப்பதும், பரிவர்த்தனைகளின் போக்கைப் பார்ப்பதும், நாள் முடிவில் கணக்குகளைச் சரிகட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கையில் உள்ள கோப்பு

வங்கியின் சர்வர்களை வங்கி காக்கும். ஆனால் வங்கி மென்பொருளின் ஒரு பகுதி உங்கள் கைபேசியில் இருக்கிறது. அங்கே காவல் பொறுப்பின் ஒரு பங்கு உங்களுடையது.

ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் மின்னணுக் கையொப்பத்துடன் வருகிறது. நிறுவப்பட்ட செயலியைப் புதுப்பிக்க வேண்டுமாயின், புதிய பதிப்பும் அதே கையொப்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும். இல்லையெனில் கைபேசி அதை ஏற்காது. ஆகவே மோசடிக்காரரால் உங்கள் உண்மையான வங்கிச் செயலியின் மேல் போலியை வைக்க இயலாது. அவர் செய்யக்கூடியது, அதே சின்னத்துடன், அதே போன்ற பெயருடன், தனியே வேறொரு செயலியை அனுப்புவது. வாகன அபராதச் சீட்டு, திருமண அழைப்பிதழ், கே.ஒய்.சி. புதுப்பித்தல் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் திறந்து நிறுவினால், உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையை அவை கேட்கும். கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் அவர்கள் கைக்குப் போய்விடும். திருமண அழைப்பிதழ் ஒரு படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரலாம், செயலியாக வர வேண்டிய தேவை எந்தத் திருமண வீட்டாருக்கும் இல்லை.

ரூட் செய்யப்பட்ட கைபேசியில் வங்கிச் செயலி திறக்க மறுப்பதைச் சிலர் குறையாகக் கூறுவதுண்டு. ரூட் செய்வது என்பது, கைபேசியின் இயங்குதளம் தன் கோப்புகளைச் சுற்றி எழுப்பியுள்ள மதிலை இடிப்பதாகும். மதில் இடிந்த வீட்டில், தன் கோப்புகள் மாறாதிருக்கின்றனவா என்று செயலியால் உறுதிசெய்ய இயலாது. ஆகவே அது திறக்க மறுக்கிறது. உங்கள் பணத்தைக் காக்கவே மறுக்கிறது.

இணையவங்கிக்குச் செல்லும்போது முகவரியை நீங்களே தட்டுங்கள். இந்திய வங்கிகளின் இணையதளங்கள் யாவும் டாட் பேங்க் டாட் இன் என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. அப்படி முடியாத முகவரியிலிருந்து வங்கியின் பெயரில் வரும் இணைப்பை ஐயத்துடனேயே பாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் உங்கள் கணக்கில் நீங்கள் அறியாத பற்று விழுந்தால், நேரம் பொன்னானது. தவறு வங்கியுடையதும் அன்று, உங்களுடையதும் அன்று, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்னும் நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தால் உங்களுக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் அறிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். கடவுச்சொல்லை நீங்களே பிறருக்குக் கொடுத்திருந்தால், அறிவிக்கும் வரையிலான இழப்பு உங்களைச் சாரும். அறிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே எந்நிலையிலும் முதல் வேலை வங்கிக்கு அறிவிப்பதே. அதனுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள்.

வங்கி தன் கோப்புகளை அடிப்படைப் பதிவுடன் ஒப்பிடுவது போல, நீங்களும் உங்கள் கணக்கு அறிக்கையை வாரம் ஒருமுறை உங்கள் நினைவுடன் ஒப்பிடலாம். ஒவ்வொரு வரியையும் பார்த்து, இதை நான் செய்தேனா என்று கேட்டால் போதும். பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது. களவாடிய கணக்கு உயிருடன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எடுத்துப் பார்ப்பது மோசடிக்காரர்கள் அறிந்த வழி. தொகை சிறிது என்று கடந்துவிடாமல், விளங்காத வரி ஒன்று இருந்தால் அன்றே உங்கள் கிளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஒரு ரூபாய்க்காக அழைத்தீர்களா என்று உங்களை எவரும் கேட்க மாட்டார்கள்.